முந்நூற்றிரண்டா, முந்நூற்று நான்கா?

கொலை வழக்கில் ஒருவர் கைதாகிவிட்டால், செஷன்ஸ் கோர்ட் வராந்தாவில் வீட்டார் வக்கீலிடம் கேட்கும் முதல் கேள்வி, “முந்நூத்திரெண்டா, முந்நூத்திநாலா சார்?” என்பதுதான். சட்டப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காதவர்களுக்கும் இந்த இரண்டு எண்களின் கனம் தெரியும். 302 என்றால் தூக்கு அல்லது ஆயுள். 304 என்றால் சில ஆண்டுகளில் வீடு திரும்பலாம். செத்தவர் ஒருவர், வெட்டிய அரிவாள் ஒன்று, பிணக்கூறாய்வு அறிக்கை ஒன்று. ஆனாலும் குற்றம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். எது என்பதைத் தீர்மானிப்பது, வெட்டியவரின் மனத்தில் அந்த நொடியில் என்ன இருந்தது என்ற கேள்வி.

2024 ஜூலை 1 முதல் எண்கள் மாறிவிட்டன. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பழைய 299-ம் 300-ம் இப்போது 100, 101. தண்டனைப் பிரிவுகளான 302-ம் 304-ம் இப்போது 103, 105. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. 304 என்பது வழிப்பறி போன்ற பறிப்புக் குற்றம். அந்தத் தேதிக்கு முன் நடந்த கொலைகளைப் பழைய எண்களிலேயே விசாரிக்கிறார்கள் என்பதால், ஒரே நீதிமன்றத்தில் காலையில் 302-ம் மாலையில் 103-ம் நடக்கின்றன. எண்கள் மாறினாலும் உள்ளே இருக்கும் வாசகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 1860-ல் எழுதிய சொற்களை வைத்துத்தான் இன்றும் ஒருவர் எத்தனை ஆண்டு சிறையில் இருப்பார் என்று எடைபோடுகிறோம். அந்தச் சொற்களில் பெரும்பாலானவை நியாயமாகவே வேலை செய்கின்றன. ஒரு சொல் மட்டும் நூற்றறுபது ஆண்டுகளாகச் சிலரைக் கைவிட்டு வருகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கன்றுக்குட்டி தேரில் அடிபட்டுச் செத்ததற்காக மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதை நமக்கெல்லாம் தெரியும். தாய்ப்பசுவின் கண்ணீருக்கு ஈடு செய்த மன்னன் என்று அவனைப் போற்றுகிறோம். அந்தக் கதையில் தண்டனைக்கு விளைவு ஒன்றே போதுமானதாக இருந்தது. இளவரசன் வேண்டுமென்றே ஏற்றினானா, குதிரைகளை அடக்க முடியாமல் போனதா என்று கதை கேட்பதில்லை. இன்றைய சட்டம் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். ஓர் உயிர் போய்விட்டது என்பது தொடக்கம் மட்டுமே. அதிலிருந்து பின்னோக்கி மனத்துக்குள் போக வேண்டும்.

மெக்காலேயின் தலைமையில் முதல் சட்ட ஆணையம் 1837-ல் கொடுத்த வரைவு, பார்ன்ஸ் பீக்காக் கையில் திருத்தப்பட்டு 1860-ல் சட்டமாகி, 1862 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் வழக்குகளின் வழியே வளர்ந்த கொலைச் சட்டத்தை இவர்கள் ஒரு சூத்திரமாக எழுதிப் பார்த்தார்கள். ‘மரணம் விளைவிக்கும் குற்றம்’ என்று ஒரு பெரிய வட்டம் போட்டார்கள். அதற்குள் ‘கொலை’ என்று ஒரு சிறிய வட்டம். கொலை எல்லாமே மரணம் விளைவிக்கும் குற்றம்தான். மரணம் விளைவிக்கும் குற்றம் எல்லாம் கொலை ஆகாது. 1976-ல் ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் நீதிபதி சர்க்காரியா இதை இனம், வகை என்று விளக்கி, மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டினார். மேல்படியில் கொலை, நடுப்படியில் நோக்கத்தோடு செய்து, கொலை அளவுக்குப் போகாத குற்றம், கீழ்ப்படியில் சாவு நேரலாம் என்ற அறிவு மட்டும் இருந்து செய்த குற்றம். சட்டக் கல்லூரியில் இன்றும் இந்தத் தீர்ப்பிலிருந்துதான் பாடம் தொடங்கும்.

எளிமையாகத் தோன்றும் இந்த வட்டங்களைப் பிரிக்கும் கோடு மிக மெல்லியது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இந்தச் சட்டத் தொகுப்பைப் பெரிதும் பாராட்டியவர். அவரே, தொகுப்பில் பலவீனமான பகுதி இந்த இரு வரையறைகள்தான் என்று குறைப்பட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது வழக்குகளைப் பார்த்தால்தான் விளங்கும்.

1912-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிந்த ஓர் அல்வா வழக்கு. ஒருவர் தனக்குத் தெரிந்த இன்னொருவரின் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்திருந்தார். அந்தப் பணத்துக்காக அவரைத் தீர்த்துவிட நினைத்து, பாஷாணம் கலந்த அல்வாவைக் கொடுத்தார். வாங்கியவர் கொஞ்சம் தின்றுவிட்டு, ருசி பிடிக்காமல் மிச்சத்தைப் போட்டுவிட்டார். எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அதை எடுத்துத் தின்றாள். குறிவைக்கப்பட்டவர் பிழைத்துக்கொண்டார், சிறுமி இறந்துபோனாள். அந்தக் குழந்தை தின்னப்போகிறாள் என்று கொடுத்தவருக்குத் தெரியாது. அவள் சாக வேண்டும் என்று அவர் நினைத்ததும் இல்லை. அப்படியானால் இது கொலையா?

இரு நீதிபதிகள் அமர்வில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. நீதிபதி பென்சன் கொலை என்றார். நீதிபதி சுந்தர ஐயர் ஒப்பவில்லை. அல்வாவை ஒருவர் வீசியதும் இன்னொருவர் எடுத்ததும் இடையில் நடந்த வேறு மனிதர்களின் செயல்கள். சாவுக்குக் காரணம் கொடுத்தவர்தான் என்று எப்படிச் சொல்வது என்பது அவருடைய கேள்வி. மூன்றாவது நீதிபதியிடம் போனபோது, நீதிபதி ரஹீம் கொலை என்ற பக்கம் சேர்ந்தார். ஒருவரைக் கொல்லும் நோக்கத்தோடு செய்த காரியம் இன்னொருவரின் உயிரைக் குடித்தாலும் அந்த நோக்கம் கூடவே போகும் என்பது 301-ஆம் பிரிவின் கொள்கை. குறி தப்பியதால் குற்றம் குறையாது. எனக்கு இந்தத் தீர்ப்பில் குறையொன்றும் தெரியவில்லை. நஞ்சைக் கலந்து கைமாற்றிய கணத்திலேயே அந்த மனிதர் ஓர் உயிரை எடுப்பது என்று முடிவெடுத்துவிட்டார். யாருடைய உயிர் என்பது மட்டுமே அவர் கையை விட்டுப் போனது.

அடுத்த ஏழே ஆண்டுகளில் அதே நீதிமன்றம் இதன் மறுபக்கத்தைப் பார்த்தது. 1919-ல் முழு அமர்வு தீர்த்த பழனிக் கவுண்டன் வழக்கு. கணவன் ஏர்க்கொழுவால் மனைவியின் தலையில் அடித்தான். அவள் மூச்சுப்பேச்சில்லாமல் விழுந்தாள். செத்துவிட்டாள் என்று நம்பி, தூக்குப் போட்டுக்கொண்டது போல் தெரியட்டும் என்று உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டான். அவள் சாகவில்லை, மயங்கியிருந்தாள். கயிறுதான் அவள் உயிரை எடுத்தது. அடித்தபோது கொல்லும் நோக்கம் இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. தொங்கவிட்டபோது தன் கையில் இருப்பது உயிருள்ள உடம்பு என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. பிணம் என்று நம்பும் ஓர் உடம்பை ஒருவன் கொல்ல நினைக்க முடியாது. எனவே கொலை இல்லை என்று முழு அமர்வு சொன்னது. கொடுங்காயம் விளைவித்த குற்றத்துக்கே அவனுக்குத் தண்டனை.

இதை வாசிக்கும் எவருக்கும் மனம் குமுறும். எனக்கும் குமுறியது. ஒரு பெண் இரண்டு முறை தாக்கப்பட்டு இறந்திருக்கிறாள். அந்தச் சாவு எந்த எண்ணிலும் அடங்கவில்லை. பின்னால் 1943-ல் தவமணி வழக்கில் இதே நீதிமன்றம் வேறு விதமான நிலைமையைப் பார்த்தது. அங்கே தலையில் அடித்தபோதே கொல்லும் எண்ணம் இருந்தது. செத்துவிட்டதாக நினைத்துக் கிணற்றில் போட்டார்கள். தொடக்கத்திலிருந்தே நோக்கம் ஒன்றுதான். அடித்ததும் கிணற்றில் போட்டதும் அதே காரியத்தின் இரு பாதிகள். ஆகவே கொலை என்று தீர்ப்பானது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சட்டம் எந்த அளவுக்கு மனத்தைப் பிடித்துத் தொங்குகிறது என்பது புரியும்.

சரி, கொல்லும் நோக்கம் வெளிப்படையாக இல்லாதபோது என்ன செய்வது? பெரும்பாலான வழக்குகள் இந்த இடத்தில்தான் நிற்கின்றன. “சாகணும்னு அடிக்கலீங்க” என்ற வாக்கியம் ஒலிக்காத கொலை விசாரணை இல்லை. பல வழக்குகளில் அது உண்மையாகவும் இருக்கும். கொலை என்பதற்குச் சட்டம் நான்கு வழிகளை வைத்திருக்கிறது. கொல்லும் நோக்கம் முதல் வழி. நோயாளி, பலவீனமானவர் என்று தெரிந்தே அவரைக் கொல்லக்கூடிய காயத்தை உண்டாக்குவது இரண்டாவது. இயற்கையான போக்கில் சாவை உண்டாக்கப் போதுமான காயத்தை வேண்டுமென்றே உண்டாக்குவது மூன்றாவது. யாரென்று குறிவைக்காமல், கூட்டத்துக்குள் பீரங்கியைச் சுடுவதுபோல, கட்டாயம் சாவு நேரும் என்று தெரிந்தும் காரணமின்றிச் செய்வது நான்காவது. பழைய சட்டத்தில் இருந்த பீரங்கி உதாரணம் இன்றும் அப்படியே இருக்கிறது.

சண்டை மூள்வது இந்த மூன்றாவது வழியில்தான். ‘சாவை உண்டாக்கக்கூடிய’ காயம் என்றால் மரணம் விளைவிக்கும் குற்றம். ‘இயற்கையான போக்கில் சாவை உண்டாக்கப் போதுமான’ காயம் என்றால் கொலை. கூடியது, போதுமானது. இந்த இரு சொற்களுக்கு நடுவில் ஒரு மனிதரின் பாதி ஆயுள் இருக்கிறது.

விசாரணை நீதிமன்றத்தில் இது எப்படி நடக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிணக்கூறாய்வு செய்த டாக்டர் கூண்டில் ஏறுவார். பல மாதங்களுக்கு முன், சில வேளை பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு காயங்களை வரிசையாகப் படிப்பார். நீளம் இத்தனை சென்டிமீட்டர், ஆழம் இத்தனை, எந்த எலும்பு, எந்த உறுப்பு. அரசு வழக்கறிஞர் சீல் உடைத்த துணிப்பையிலிருந்து அரிவாளை எடுத்து, “இந்த ஆயுதத்தால் இந்தக் காயம் ஏற்பட வாய்ப்பு உண்டா?” என்று கேட்பார். அதன் பிறகு வருவதுதான் முக்கியமான கேள்வி: “இந்தக் காயம் இயற்கையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதா?” டாக்டர் “ஆம்” என்பார். தட்டச்சர் அந்த ஒரு வரியை அடிப்பார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா, காயத்தில் சீழ் பிடித்ததால் இறந்தாரா என்று அந்த ‘ஆம்’-ஐக் கரைக்கப் பார்ப்பார். சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்பது எதிரிக்கு உதவாது என்று சட்டத்திலேயே ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அப்படியும் அந்த வாதம் ஒவ்வொரு வழக்கிலும் வைக்கப்படுகிறது.

இந்தக் கேள்விக்கு வழிகாட்டியாக நிற்பவை இரண்டு தீர்ப்புகள். 1876-ல் பம்பாயில் கோவிந்தா வழக்கு. பதினெட்டு வயதுக் கணவன், பதினைந்து வயது மனைவியைத் தள்ளி, மார்பில் முழங்காலை வைத்து, முகத்தில் இரண்டு மூன்று குத்து விட்டான். மூளையில் இரத்தம் கசிந்து அவள் இறந்தாள். நீதிபதி மெல்வில் இரு பிரிவுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல் எங்கே வேறுபடுகிறது என்று கோடிட்டுக் காட்டினார். வெறுங்கைக் குத்து இயற்கையான போக்கில் சாவுக்குப் போதுமானதல்ல. கொலை இல்லை என்று தீர்த்தார். 1958-ல் உச்ச நீதிமன்றத்தில் விர்சா சிங் வழக்கு. ஈட்டியால் வயிற்றில் ஒரே ஒரு குத்து. குடல் வெளியே சரிந்தது. கொல்லும் எண்ணம் இல்லை என்றார்கள். நீதிபதி விவியன் போஸ் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அந்தக் காயத்தை அந்த இடத்தில் உண்டாக்கவேண்டும் என்று அவன் நினைத்தானா என்பது மட்டுமே மனத்தைப் பற்றிய கேள்வி. அது சாவுக்குப் போதுமானதா என்பது உடலைப் பற்றிய கேள்வி, அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றார். யாரும் சாவை உண்டாக்கும் காயங்களை உண்டாக்கிவிட்டு, சாவை நினைக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. அரிவாள் கலாசாரம் ஊறிப்போன நம் ஊர்களில் இந்தத் தீர்ப்பு இல்லாமல் எந்தக் கொலை வழக்கும் நடப்பதில்லை.

நான்கு வழிகளில் ஒன்றுக்குள் வந்துவிட்ட பிறகும், ஐந்து விதிவிலக்குகள் ஒருவரைக் கொலையிலிருந்து கீழே இறக்கலாம். தற்காப்பில் எல்லை மீறியவர், கடமையைச் செய்யும்போது நல்லெண்ணத்தோடு அதிகாரத்தைத் தாண்டிய அரசு ஊழியர், பதினெட்டு வயது நிரம்பியவரின் சம்மதத்தோடு அவர் உயிரை எடுத்தவர் என்று மூன்று. கடைசி விலக்கு அரிது. மூன்று ஆண்டு தொடர்ந்து தேர்வில் தோற்ற ஒரு மாணவன் சாகப்போவதாகச் சொல்ல, முதலில் என்னைக் கொன்றுவிடு என்று மனைவி கேட்டு, அவன் அப்படியே செய்த வழக்கை 1957-ல் பாட்னா உயர் நீதிமன்றம் இதில் சேர்த்தது.

மற்ற இரண்டுதான் அன்றாடம் வாதாடப்படுபவை. முன்திட்டமில்லாத திடீர்ச் சண்டை ஒன்று. கடுமையான, திடீரென்ற கோபமூட்டல் மற்றொன்று. வரப்புத் தகராறு, குழாயடித் தகராறு, டாஸ்மாக் வாசல் தகராறு எல்லாம் முதலாவதற்குள் வரும். முன்கூட்டித் திட்டமில்லை, இருபக்கமும் கைகலப்பு, சூட்டில் நடந்தது, ஒரு பக்கம் அநியாயமாக ஆதாயம் எடுக்கவில்லை, கொடூரம் செய்யவில்லை என்று காட்டினால் போதும்.

கோபமூட்டலுக்கு எல்லாரும் சொல்லும் வழக்கு நானாவதியுடையது. 1959 ஏப்ரல் 27-ல் கடற்படை அதிகாரி நானாவதியிடம் அவருடைய மனைவி, பிரேம் அகுஜாவுடன் தனக்கிருந்த உறவை ஒப்புக்கொண்டார். நானாவதி மனைவியையும் பிள்ளைகளையும் சினிமாவுக்குக் கொண்டுபோய் விட்டார். கப்பலுக்குப் போய்த் துப்பாக்கியும் குண்டுகளும் வாங்கினார். அகுஜாவை அலுவலகத்தில் தேடி, இல்லையென்று வீட்டுக்குப் போய்ச் சுட்டார். ஜூரி எட்டுக்கு ஒன்று என்று விடுவித்தது. பம்பாய் ஊரே கொண்டாடியது. உயர் நீதிமன்றம் அதைத் தள்ளி ஆயுள் தண்டனை கொடுத்தது. 1961-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சுப்பா ராவ் அதை உறுதிசெய்தார். கேள்விப்பட்டதற்கும் சுட்டதற்கும் இடையே சுமார் மூன்று மணி நேரம். அதற்குள் கோபம் ஆறியிருக்க வேண்டும், அவர் போய்வந்த இடங்களைப் பார்த்தால் திட்டமிட்டது தெரிகிறது என்றார். 1964-ல் மகாராஷ்டிர ஆளுநராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் அவருக்கு மன்னிப்பு வழங்கியது தனிக் கதை. தீர்ப்பின் கொள்கை நிலைத்துவிட்டது: கோபம் சூடாக இருக்கும்போது அடித்தால் விலக்கு, ஆறிய பிறகு அடித்தால் கொலை.

இந்த மையத்தைச் சுற்றிக் காலத்துக்கேற்பப் புதிய பிரிவுகள் சேர்ந்தன. ஸ்டவ் வெடித்துச் செத்தாள் என்று வரிசையாக மருமகள்களை எரித்த காலத்தில், 1986-ல் வரதட்சணை மரணம் என்ற தனிக் குற்றம் வந்தது. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் இயல்பற்ற முறையில் ஒரு பெண் இறந்து, சாவுக்குச் சற்று முன்வரை வரதட்சணைக்காகக் கொடுமை நடந்தது மெய்ப்பிக்கப்பட்டால், கணவன் வீட்டார்தான் காரணம் என்று சட்டம் அனுமானிக்கும். குறைந்தது ஏழு ஆண்டு, அதிகம் ஆயுள். வீட்டுக்குள் சாட்சியில்லாமல் நடப்பதைச் சட்டம் ஒருமுறையாவது புரிந்துகொண்டதற்கு இது சான்று. கவனக்குறைவால் நேரும் சாவுக்குத் தண்டனை இரண்டு ஆண்டிலிருந்து ஐந்தாக ஏறியிருக்கிறது. டாக்டர்களுக்கு இரண்டாகவே இருக்கிறது. புதிய சட்டத்தின் 103(2) கும்பல் கொலையைப் பேசுகிறது: ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து இனம், சாதி, மொழி, பிறப்பிடம், நம்பிக்கை போன்ற காரணத்துக்காகக் கொன்றால், ஒவ்வொருவருக்கும் தூக்கு அல்லது ஆயுள்.

ஆணவக் கொலை என்று நாம் அழைப்பதற்குச் சட்டத்தில் இன்னும் தனி இடமில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டதை நாடே கேமராப் பதிவில் பார்த்தது. 2017-ல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020-ல் உயர் நீதிமன்றம் முதல் எதிரியை விடுவித்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. ஐந்து பேர் சேர்ந்தால் 103(2) என்ற கணக்கு இங்கே உதவாது. அண்ணனும் மாமனும் இருவராக வந்து வெட்டினாலும் அதன் பின்னால் ஒரு சாதியே நிற்கிறது. ஆட்களின் எண்ணிக்கையை வைத்து அந்தக் குற்றத்தை அளக்க முடியாது.

தண்டனையிலும் ஒரு வகைப்பாடு உண்டு. 1955-க்கு முன், தூக்குக்குப் பதில் ஆயுள் கொடுத்தால் நீதிபதி காரணம் எழுத வேண்டியிருந்தது. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது தலைகீழானது. தூக்குக் கொடுத்தால் சிறப்புக் காரணம் எழுத வேண்டும். 1980-ல் பச்சன் சிங் வழக்கில் ‘அரிதினும் அரிதான’ என்ற அளவுகோல் பிறந்தது. ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கு மட்டுமே என்றிருந்த 303-ஆம் பிரிவை 1983-ல் மித்து வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எந்தச் சூழலில் செய்தான் என்று பார்க்கவே விடாத சட்டம் அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாது என்பது அதன் சாரம். நம் சட்டத்தின் வாசகத்தையே எடுத்துக்கொண்ட சிங்கப்பூர், 2012-ல் நான்கு வழிகளுக்குள்ளேயே படி பிரித்தது: கொல்லும் நோக்கம் இருந்தால் மட்டும் கட்டாயத் தூக்கு, மற்ற மூன்றில் நீதிபதியின் முடிவு. மலேசியா 2023-ல் கட்டாயத் தூக்கையே எடுத்துவிட்டது. ஒரே விதையிலிருந்து முளைத்த சட்டங்கள் அங்கெல்லாம் திருத்தப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த சொல்லுக்கு வருகிறேன். அது ‘திடீர்’ என்ற சொல்.

நல்லதங்காள் கதை தெரியாத தமிழ் வீடு இருந்திருக்காது. பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணியால் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்தவள். அவளுக்காக அழாத பாட்டி இல்லை. கூத்தாகவும் பாட்டாகவும் ஊர் ஊராக அவளை வைத்திருந்தோம். அவள் பிழைத்திருந்தால் சட்டம் அவளை என்ன செய்திருக்கும்? 1950-களின் தொடக்கத்தில் மத்திய பாரத உயர் நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. நாத்தனார் கொடுமை தாளாமல் மூன்று பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, பிள்ளைகள் இறந்து தான் மட்டும் பிழைத்த பெண், கொலைக் குற்றவாளி. கூட்டத்துக்குள் பீரங்கி சுடுபவனுக்காக எழுதிய நான்காவது வழியில் அவள் வைக்கப்பட்டாள்.

1989-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அதே போன்ற ஒரு வழக்கு வந்தது. கணவனின் கொடுமை தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த தாய். நீதிபதி டேவிட் அன்னுசாமி அந்தத் தீர்ப்பில் நல்லதங்காளைப் பெயர் சொல்லி அழைத்தார். இப்படிப்பட்ட மனநிலைக்கு அவள் பெயரையே வைத்தார். நாள்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஒரு நாள் உடையும் துயரத்தை ‘நீடித்த கோபமூட்டல்’ என்று ஏற்று, சட்டம் எழுதிய ஐந்து விதிவிலக்குகளோடு பட்டியல் முடிந்துவிடவில்லை என்றார். குற்றம் கொலையிலிருந்து இறங்கியது. நம் கதையொன்று சட்டத்துக்குள் கருத்தாக நுழைந்த அபூர்வமான நேரம் அது. 2013-ல் கௌகாத்தி உயர் நீதிமன்றம், தினமும் அடித்த கணவனை ஒருநாள் திருப்பி அடித்து, அவன் இறந்துபோன ஒரு பெண்ணின் வழக்கில் இதே கருத்தைப் பின்பற்றியது.

இத்தனைக்கும் இது நீதிபதிகளின் கருணையில்தான் நிற்கிறது, சட்டத்தில் எழுதப்படவில்லை. எழுதப்பட்ட விலக்கு திடீரென்று பொங்கும் கோபத்துக்கு மட்டும் இடம் தருகிறது. 2007-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில், ஒருவரின் வீட்டிலோ கடையிலோ குப்பையைக் கொட்டுவது கடுமையான, திடீர்க் கோபமூட்டல்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கத்தியால் குத்தியவரின் தண்டனை ஆயுளிலிருந்து இறங்கியது. அந்தத் தீர்ப்பில் நான் குறை காணவில்லை. அந்த மனிதருக்கு அந்த விலக்கு உரியதே. ஆனால் பத்து ஆண்டு அடிவாங்கிய பெண்ணுக்கு அதே சட்டத்தில் ஒரு வரி இல்லை. அடி விழுந்த அந்த நொடியிலேயே திருப்பி அடிக்க உடல் வலு உள்ளவருக்குத்தான் ‘திடீர்’ பயன்படும். அவள் காத்திருப்பாள், அவன் தூங்கும்வரை, குடித்து விழும்வரை. காத்திருந்ததையே திட்டம் என்று சட்டம் படிக்கிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு, இரண்டும் வலுவானவை. பிள்ளைகள் என்ன கோபமூட்டினார்கள் என்பது ஒன்று. எதுவும் இல்லை. அந்தக் குழந்தைகளின் உயிர் வேறெந்த உயிரையும்விட மலிவானதல்ல. அந்தத் தாயை விடுவிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவள் குற்றம் எந்தப் படியில் வைக்கப்பட வேண்டும் என்பதே கேள்வி. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்று 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. கிணற்றில் குதித்த அதே பெண், தன் உயிரைப் பொறுத்தவரை மன அழுத்தத்தில் இருந்தவள். கையில் பிடித்திருந்த குழந்தையைப் பொறுத்தவரை தெளிந்த மனத்தோடு கொன்றவள். ஒரே குதிப்பு, ஒரே மனம். இந்த முரணைச் சட்டம் தீர்த்தாக வேண்டும். இங்கிலாந்தில் பிரசவத்துக்குப் பின் மனம் குலைந்து, பச்சைக் குழந்தையைக் கொல்லும் தாய்க்கு 1922 முதலே தனிக் குற்றப் பிரிவு உண்டு. நம்மிடம் அதுவும் இல்லை.

‘நீடித்த’ என்று எழுதினால், என் மகள் ஓடிப்போன அவமானம் மூன்று ஆண்டாக நெஞ்சில் நீடித்தது என்று ஆணவக் கொலையாளியும் வந்து நிற்பான் என்பது இரண்டாவது மறுப்பு. இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் வரியைக் கவனமாக எழுத வேண்டும். இங்கிலாந்து 2009-ல் கோபமூட்டல் என்ற பழைய விலக்கை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதியபோது, கட்டுப்பாடு இழந்தது திடீரென்று இருக்க வேண்டியதில்லை என்றது. கூடவே, துணையின் கள்ள உறவை மட்டும் காரணம் காட்ட முடியாது என்றும் எழுதியது. கணவனின் கொடுமையில் பத்தாண்டு கழித்த கிரண்ஜித் அலுவாலியாவின் வழக்கு 1992-ல் மறுவிசாரணைக்குப் போனதிலிருந்து அங்கே நடந்த நீண்ட விவாதத்தின் பலன் அது. வன்முறைக்கு ஆளானவருக்கு மட்டும் கதவைத் திறந்து, சாதிக்கும் சந்தேகத்துக்கும் அடைக்க முடியும் என்பதற்கு அது முன்மாதிரி.

2023-ல் சட்டம் முழுவதும் புதிதாக எழுதப்பட்டபோது, இந்த வரியைத் திருத்த நூற்றறுபது ஆண்டில் கிடைக்காத வாய்ப்பு கிடைத்தது. எண் மாறியது, பெயர் மாறியது. 101-ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கில் ‘கடுமையான, திடீரென்ற’ என்பது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் நம்மைப் பிரதிநிதித்துவப்படுத்தும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: சென்னை உயர் நீதிமன்றம் 1989-ல் நல்லதங்காளின் பெயரால் எழுதியதை ஆறாவது விதிவிலக்காகச் சட்டத்தில் எழுதுங்கள்.